வன்னிக்கு ஊழியப் பயணம் அனுப்பும் சபைகளிடம் ஒரு வேண்டுகோள்

ஜூலை, ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது கொழும்பிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் திருச்சபைக் குழுக்கள் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குக் குறுகிய கால ஊழியப் பயணம் வருவது வழக்கமாகிவிட்டது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வாரம் தங்கி, உலர் உணவுப் பொதிகளும் கொப்பிகளும் கொடுத்து, சிறுவர்களுக்குப் பாட்டும் வேதக் கதையும் சொல்லித் திரும்பும் இளைஞர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களை அனுப்பும் போதகர்களிடமும் மூப்பர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒரு வாரத்தில் என்ன செய்வது என்பதை, மற்ற 51 வாரமும் அங்கே வாழ்கிறவர்கள் தீர்மானிக்கட்டும்.

2009 இல் போரின் இறுதியில் எல்லாவற்றையும் இழந்து முகாம்களில் அடைபட்ட மக்கள், 2012 செப்டெம்பரில் வவுனியாவிலிருந்த மெனிக்பாம் முகாம் மூடப்படும் வரை படிப்படியாக ஊர் திரும்பியபோது, கிணறு, வேலி, மாடு, தோட்டம் என்று அனைத்தையும் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருந்தது. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தது. பெரிய உதவிதான், ஆனால் சீமெந்தும் மணலும் கூலியும் ஏறிய விலையில் பல குடும்பங்களுக்கு அது கூரை வரை எட்டவில்லை. மிச்சத்துக்கு நகையை அடகு வைத்தார்கள், நுண்நிதிக் கடன் எடுத்தார்கள், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. கணவனை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒரு தாய்க்கு, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் கடன் வசூலிப்பவரைப் பற்றிய பயம் அரிசிப் பானையைப் பற்றிய கவலையைவிடப் பெரிதாக இருக்கலாம். நேற்று வந்து இறங்கிய குழுவிடம் அவர் அதைச் சொல்லமாட்டார். தன் வீட்டு நன்மை தீமைக்கு வந்துபோகும் உள்ளூர்ப் போதகரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோதான் சொல்வார்.

லூக்கா 10 ஆம் அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்பும் இயேசு, பணப்பையைக் கொண்டுபோக வேண்டாம், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி அவர்கள் தருவதைச் சாப்பிடுங்கள் என்கிறார். வன்னியில் எவ்வளவு இல்லாத வீட்டிலும் வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். அதை மறுத்துவிட்டுப் போத்தல் தண்ணீரோடு வாகனத்தில் ஏறுவது அந்த வீட்டாரைச் சிறுமைப்படுத்துகிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்றும் நினைக்கப்படுவது, தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, மானிப்பாயில் நம் இளைஞர்களைத் தமிழிலேயே வைத்தியர்களாக்கியதற்காகத்தான். ஒரு வாரத்தில் அது நடக்காது. ஆனால் உள்ளூர் ஆட்களின் கையைப் பலப்படுத்தும் அந்த நோக்கத்துக்கு உதவ ஒரு வாரம் போதும்.

இன்னொன்றையும் விசுவாசியாகவே சொல்கிறேன். பொதி கொடுக்கும் வரிசையை ஜெபக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் ஒரு தாய், பிள்ளையின் பசிக்காக நம் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார நேர்ந்தால், அது சுவிசேஷத்துக்கே அவமானம். பொதியைக் கையில் கொடுத்துப் பிடிக்கும் படங்களும் அப்படித்தான். முகநூலில் அவற்றை அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்க்கிறார்கள்.

ஆகவே புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே உள்ளூர்ச் சபையோடு பேசுங்கள். பொருட்களைக் கொழும்பிலிருந்து ஏற்றிவராமல் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்புக் கடைகளில் வாங்குங்கள். "இந்த வருடம் ஆட்கள் வர வேண்டாம், பயணச் செலவை அனுப்பினால் இரண்டு கிணறுகளைத் திருத்தலாம்" என்று அங்குள்ள போதகர் சொன்னால், அந்தப் பதிலையும் மனத்தாங்கல் இல்லாமல் ஏற்றுக்கொண்டு பணத்தை அனுப்பிவையுங்கள்.