முகம் வேறாக இருப்பதால் மட்டும் நீரோ நாணயம் போலியாகாது
மேலே ரோமப் பேரரசர் நீரோவின் இரண்டு நாணயங்களின் படத்தைப் போட்டு, ‘முகம் ஒத்துப்போகவில்லை, அதனால் ஒன்று போலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, இதை நம்பி யாராவது நல்ல நாணயத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

நீரோ கி.பி. 54-இல் பேரரசர் ஆனபோது வயது 16. அந்த ஆண்டுத் தங்கக் காசில் அவரும் தாய் அக்ரிப்பினாவும் எதிரெதிரே பார்த்தபடி இருப்பார்கள், பையன் முகம், மெல்லிய கழுத்து. 64-க்குப் பின் வந்தவற்றைப் பாருங்கள்: கழுத்து தடித்து, தாடைக்குக் கீழே சதை தொங்கி, நெற்றிக்கு மேல் முடி அலையலையாக வாரியிருக்கும். ஒரே ஆள்தான், பத்து வருடம் கடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், எந்த ஊரில் அடித்தது என்பதும் முக்கியம். லுக்டுனம், அதாவது இன்றைய லியோன், அங்கே அடித்த பெரிய செம்பு, பித்தளைக் காசுகளில் கழுத்தின் கீழ் முனையில் சின்னதாக ஓர் உருண்டை இருக்கும், ரோமில் அடித்ததில் அது இருக்காது. நீங்கள் ‘தேவையில்லாத புள்ளி’ என்று வட்டமிட்டுக் காட்டியிருப்பது அந்த உருண்டையைத்தான். நாணயம் அடிக்கும் அச்சுகள் எல்லாம் கையால் வெட்டியவை, ஒன்றைப் போல் இன்னொன்று வரவே வராது. போலியா என்று சந்தேகம் இருந்தால் எடை போடுங்கள், விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு (அடிக்காமல், உருக்கி ஊற்றி வார்த்தால் விழும் கோடு) தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.