அச்சமும் பாத்திர வார்ப்பும்

கதைமாந்தருக்கு ஆழ்மன அச்சம் ஒன்றைக் கொடுத்து, அதற்குக் காரணமான இளமைக்கால நிகழ்வையும் சொல்லிவிட்டால் பாத்திரம் உயிர்பெற்றுவிடும் என்று எழுதியிருந்த ஒரு கட்டுரையாளரின் கருத்தில் முதல் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. அச்சத்தின் தோற்றுவாயைவிட, அதைத் தவிர்க்க ஒருவர் நாள்தோறும் செய்துகொள்ளும் சிறு ஏற்பாடுகளே அவரை நமக்குக் காட்டித் தருகின்றன. அஞ்சும் ஒன்றிலிருந்து விலகும்போது கிடைக்கும் தற்காலிக நிம்மதியே அந்த விலகலை மேலும் வலுப்படுத்துகிறது என்கிறது உளவியலாளர் மௌரர் 1947-இல் முன்வைத்த இரு காரணிக் கோட்பாடு. எழுத்தாளருக்கு இது பெருங்கொடை. கைவிடப்படுவோம் என்று அஞ்சும் ஒரு பெண், எவரும் தன்னை நீங்குவதற்கு முன் தானே உறவை முறித்துக்கொள்வாள். ஒவ்வொரு முறிவும் அவளுக்கு ஆறுதல் தருவதோடு, தன் அச்சம் சரியானதே என்பதற்குச் சான்றாகவும் நின்றுவிடும். சுற்றியிருப்பவர்களோ அதைத் திமிர் என்றே எண்ணுவார்கள். உரையாடலும் மோதலும் இந்த இடைவெளியில்தான் இயல்பாகப் பிறக்கின்றன. உயரம், இருட்டு, பாம்பு போன்ற வெளிப்படையான அச்சங்கள் ஒரு காட்சிக்குப் பதற்றம் கூட்டலாம். ஒரு நாவலையே தாங்கும் வலு, என் வாசிப்பில், அவற்றுக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. இளமை நிகழ்வைச் சொல்லியே ஆக வேண்டுமெனில், அவள் அதை யாரிடம், எந்த நெருக்கடியில், எதை மறைத்துச் சொல்கிறாள் என்பதையும் ஆசிரியர் எழுதட்டும்.