டிஸ்க் பெட்டியில் இருக்கும் அந்தப் பொத்தானுக்கு ரிப்பேர் என்று பெயர் வைத்தது யார்?

வயிறு எரிகிறது. செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களைப் போட்டு வைக்கும் பெட்டியில் 4 டிபி டிஸ்க் இரண்டு. ரெய்டு 1, அதாவது மிரர்: ஒரே படத்தை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைப்பது. "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்ணே, நிம்மதியா தூங்குங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். டிஸ்க் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. படம்தான் போய்விட்டது!

சாரல் நேரத்தில் இரண்டு நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. அப்புறம் புனலூர்க் கல்யாண ஆல்பத்துக்கு உட்கார்ந்தேன். பாட்டி கல்யாணப் பெண்ணின் நெற்றியில் முத்தம் கொடுக்கிற படம். பாட்டியின் கண் வரைக்கும் இருக்கிறது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுத் திறந்தேன், படம் முழுசாக வந்தது. இன்னொரு தடவை அணைத்துப் போட்டேன், மறுபடி பட்டை.

பெட்டி விற்ற இடத்துக்குப் போன் போட்டேன். "ரிப்பேர் கொடுங்க சார், சரியாயிரும்." கொடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் எத்தனை தடவை திறந்தாலும் பட்டைதான்.

நடந்தது இதுதான். மிரர் ஒரு நேரம் இந்த டிஸ்க்கிலிருந்து படிக்கும், ஒரு நேரம் அந்த டிஸ்க்கிலிருந்து படிக்கும். ஆக, ஒன்றில் நல்ல படம் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸின் எம்டி ரெய்டு, டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் சாஃப்ட்வேர். இரண்டு பிரதியும் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஏதோ ஒன்றை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். எம்டியின் கையேட்டிலேயே இப்படித்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் ரிப்பேரா? கெட்டதை எடுத்து நல்லதன் மேல் பூசுவது எந்த ஊர் ரிப்பேர்?

வழி இல்லாமலும் இல்லை. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் இசட்எஃப்எஸ் என்ற சாஃப்ட்வேர் 2005-லேயே வெளியே வந்துவிட்டது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது பிளாக்குக்கும், செக்சம் வைத்திருக்கும்; உள்ளே இருப்பதை வைத்துக் கணக்குப் போட்ட சரிபார்ப்பு எண் அது. படிக்கும்போது கணக்கு இடித்தால் அடுத்த டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைத் திருத்தும். பிடிஆர்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். விற்கிறவனுக்கு இது தெரியாதா? "முதலில் நல்ல பிரதியை வெளியே எடுத்து வையுங்கள்" என்று போனில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குமா? அந்தப் பொத்தானுக்கு மேலே ஒரு வரி எச்சரிக்கை போட்டால் என்ன குறைந்துவிடும்?

மெமரி கார்டிலும் இல்லை. அதில் அப்புறம் மூன்று கல்யாணம் எடுத்தாகிவிட்டது. நேற்றும் பெண்ணின் அண்ணன் கூப்பிட்டு, பாட்டி படம் கிடைத்ததா என்று மலையாளத்தில் கேட்டார்: "சேட்டா, அம்மூம்மையுடெ போட்டோ கிட்டியோ?"