கிறிஸ்துவப் பள்ளி யாருக்காகக் கதவைத் திறக்கிறது?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு நெருங்கும்போதெல்லாம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்ற முறையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "நாங்கள் சைவக் குடும்பம், பிள்ளையைக் கிறிஸ்துவப் பள்ளியில் சேர்த்தால் மனத்தை மாற்றிவிடுவார்களா?" என்பது ஒன்று. "அங்கே தேர்ச்சி நன்றாக இருக்குமா?" என்பது மற்றொன்று. பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு கிறிஸ்துவப் பள்ளியின் கல்வி நோக்கை எடைபோட இவை இரண்டும் போதா என்பது, அத்தகைய பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய இந்துவாகிய என் உறுதியான கருத்து. எந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்கிறது, சேர்த்த பிறகு பின்தங்கும் பிள்ளையை எப்படி நடத்துகிறது என்பதில்தான் அப்பள்ளியின் விசுவாசம் வெளிப்படும்.

இதை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கும் அளவுகோலாக நினைக்க வேண்டாம். அப்பள்ளிகளின் தொடக்கமே இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்ற மெதடிஸ்ட் மிஷனரி 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் வகுப்பைத் தொடங்கியபோது, அவர்முன் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்பது இந்தியச் சிறுமிகள். தங்கள் பெண்பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டும் என்று கேட்டு இடமும் கொடுத்தவர்கள் இங்கு வாழ்ந்த தமிழ் வணிகர்கள். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்று பெயர் பெற்றிருந்த அந்தச் சிறு வகுப்புதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. நம் சமூகத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே அம்மையார் அடுத்து தெலுக் ஆயர் பகுதியில் வீடு வீடாகச் சென்று, பெண்களை வெளியே அனுப்பத் தயங்கிய சீனத் தாய்மாரிடம் பேசி, இன்னொரு பள்ளிக்கும் பிள்ளைகளைச் சேர்த்தார். அதற்கு வெகுமுன்பே, 1842இல், மரியா டையர் என்ற மிஷனரி தொடங்கிய பள்ளி, வேலைக்காரிகளாக விற்கப்பட்ட சீனச் சிறுமிகளுக்குப் புகலிடமானது. அதுவே பின்னாளில் செயின்ட் மார்கரெட்ஸ் ஆயிற்று. 1854இல் வந்த கத்தோலிக்கக் கன்னியர் விக்டோரியா ஸ்திரீட்டில் நடத்திய கான்வென்ட்டின் சிறு வாயிலில் கைவிடப்பட்ட கைக்குழந்தைகளை விட்டுச் செல்வது வழக்கமாக இருந்தது. எல்லாப் பள்ளிகளும் ஏழைகளுக்காகவே தொடங்கப்பட்டன என்று நான் சொல்லவில்லை. பெங்களூரில் பிறந்த மெதடிஸ்ட் மிஷனரி ஓல்டாம், 1886இல் அமோய் ஸ்திரீட்டில் 13 மாணவர்களுடன் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளிக்குச் சீன வணிகர் வீட்டுப் பையன்களே முதலில் வந்தார்கள். ஆனாலும் பொதுவாகப் பார்த்தால், யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பிள்ளையை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, கணக்கில் எடுத்துக்கொண்டவை இப்பள்ளிகள்தாம்.

சமயத்தைப் பற்றிய அச்சத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அரசு உதவிபெறும் மிஷன் பள்ளிகளில் பிற சமயப் பிள்ளைகளை வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்த முடியாது. 1984இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கிய அரசாங்கமே, ஐந்தாறு ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. இந்த நாடு இவ்விஷயத்தில் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதும். நான் பணியாற்றிய பள்ளியில் வாராந்தர வழிபாட்டின்போது நெற்றியில் திருநீற்றுடன் பின்வரிசையில் அமர்ந்திருந்திருக்கிறேன். யாரும் என்னைத் தலைகுனியச் சொன்னதில்லை. தாம் நம்புவதை மறைக்காமல், அடுத்தவர்மீது சுமத்தாமல் வாழும் ஆசிரியரிடமிருந்து பிள்ளைகள் சமய மரியாதையைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்தேன். ஆகவே, பிறர் மனம் நோகுமோ என்று அஞ்சித் தன் சமய வேரைச் சுவரில் தொங்கும் பொதுவான நற்பண்புப் பட்டியலாகச் சுருக்கிக்கொள்ளும் பள்ளியை நான் விரும்பவில்லை.

அந்த நற்பண்புகள் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். இடைவேளை உணவுக்கு உதவிபெறும் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் தனி நிறத்தில் சீட்டு கொடுப்பார்கள். உணவுக்கடையில் அந்தச் சீட்டை நீட்டும்போது பின்னால் நிற்பவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். சில பிள்ளைகள் அதற்காகவே சாப்பிடாமல் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் பள்ளியில் வகுப்பாசிரியை ஒருவர் இதைக் கவனித்துத் தலைமையாசிரியரிடம் சொன்னார். மறுவாரத்திலிருந்து சீட்டு நின்றது. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போதே, வீட்டுப்பாட நோட்டைத் திருப்பித் தருவதுபோல் அதனுள் சில்லறையை வைத்துத் தந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களைப்போல் காசு கொடுத்து மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்பைப் பற்றிய எந்த உரையும் இல்லாமல் ஒரு பள்ளி தன் நம்பிக்கையை இப்படிக் கற்பித்தது.

என் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. இப்பள்ளிகளின் புகழ் வளர வளர, அவற்றுக்குள் நுழையும் வழி குறுகிவிட்டது. முன்னாள் மாணவர் பிள்ளைகள், திருச்சபைத் தொடர்புள்ள குடும்பங்கள், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு வாங்கக்கூடிய வசதி படைத்தவர்கள் என்று வரிசை முன்னாலேயே நிரம்பிவிடுகிறது. சில பள்ளிகள் 1980களின் இறுதியில் தங்கள் கட்டணத்தைத் தாங்களே முடிவுசெய்யும் சுயேச்சைப் பள்ளிகளானதும், அரசுப் பள்ளிகளில் குடிமக்களுக்கு மாதம் 5 வெள்ளியாக இருக்கும் உயர்நிலைக் கட்டணம் அங்கே பல மடங்கானது. கத்தோலிக்கப் பின்னணியுள்ள சில நல்ல பள்ளிகள் சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளாக இருப்பதால், அங்கே தமிழைத் தாய்மொழியாகப் படிக்க வழியில்லை. எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களுக்கென்று 2014 முதல் தொடக்கப்பள்ளிகளிலும், 2019 முதல் தொடக்கப்பள்ளியோடு இணைப்புள்ள உயர்நிலைப் பள்ளிகளிலும் இடங்களை ஒதுக்கச் சொன்னது கல்வி அமைச்சு. அது நல்ல முடிவு. ஆனால் தன் விசுவாசத்தின் பேரால் ஒரு கிறிஸ்துவப் பள்ளி முதலில் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை அமைச்சு விதியாக்கிச் சொல்ல வேண்டியிருந்ததே என்பது என்னை உறுத்துகிறது.

சேர்க்கை விதிகள் அமைச்சின் கையில் இருக்கும்போது பள்ளி என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் தனித்திறமையைப் பார்த்து இடம் தரும், உயர்நிலை ஒன்றுக்கான நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது பெருமளவுக்குப் பள்ளியின் கையில்தான் இருக்கிறது. துணைப்பாட வகுப்புக்கும் தனிப்பயிற்சிக்கும் பணம் செலவழிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளே அதில் பெரும்பாலும் விண்ணப்பிக்கிறார்கள். பள்ளி நிர்வாகக் குழுவும் திருச்சபையும் முன்னாள் மாணவர் சங்கமும் நினைத்தால், வாடகை வீடுகள் நிறைந்த புளோக்குகளின் அருகிலுள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பலாம். ஓடத் தெரிந்த, பாடத் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகளைத் தேடலாம். கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு என்று பெற்றோரிடம் நேரில் சொல்லி, விண்ணப்பத்தையும் உடனிருந்து நிரப்பிக் கொடுக்கலாம். புதிய கட்டடத்துக்கு நிதி திரட்டும் ஆற்றல் உள்ளவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொது வரவேற்பு நாளில் பள்ளிக்குச் செல்லும்போது, கட்டொழுங்கையும் பதக்கங்களையும் பற்றி விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். உயர்நிலைப் பாடங்களின் மூன்று நிலைகளில் மிக எளிதான பொது நிலை ஒன்றில் (G1) கணிதம் படிக்கும் பிள்ளைக்கு யார் பாடம் நடத்துகிறார், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொன்னால், நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் உங்கள் பிள்ளையை அங்கே தயங்காமல் சேர்க்கலாம்.