"வெள்ளைக்காரன் வரலாற அவன் ஊர்லயே போய் படிக்கணுமாடா?"

வேல்ஸ்ல ஸ்வான்சீல எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கிறேன்னு சொன்னா நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி, "ஏன், டேட்டா சயின்ஸ் கிடைக்கலையா?" எங்க சித்தப்பா இன்னும் ஒரு படி மேல, தலைப்புல இருக்கிறது அவர் கேட்டதுதான். அன்னிக்கு சிரிச்சு சமாளிச்சு போனை வெச்சுட்டேன். இப்ப பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கேம்பஸ்லருந்து ரோட்டத் தாண்டுனா பீச். நம்மூர் கடலப் பாத்த கண்ணுக்கு இந்தக் கடல் புரியவே ஒரு வாரம் ஆச்சு, காலைல இருந்த தண்ணி மத்தியானம் காணோம், கண்ணுக்கெட்டின தூரம் ஈர மணல்தான். இந்தக் கடல் பகுதி பேரு பிரிஸ்டல் சேனல், இதோட ஓத ஏற்ற இறக்கம் உலகத்துலயே மிகப் பெரியவைகள்ல ஒண்ணு. ஊர்ப் பேரே வேல்ஸ் மொழில அபெர்டாவே, டாவே ஆத்தோட முகத்துவாரம்னு அர்த்தம்.

அந்த முகத்துவாரத்துலதான் கதையே இருக்கு. செம்பு உருக்க தாதுவ விட பல மடங்கு நிலக்கரி வேணும், அதனால கரிய தாதுகிட்ட கொண்டு போறத விட தாதுவ கரிகிட்ட கொண்டு வர்றதுதான் லாபம். ஸ்வான்சீல கரியும் இருந்துச்சு, துறைமுகமும் இருந்துச்சு. முதல்ல எதிர்க்கரை கார்ன்வால் தாது, அப்புறம் கியூபா, அப்புறம் தென் அமெரிக்காவோட தென்கோடி கேப் ஹார்ன சுத்திக்கிட்டு சிலிலருந்துன்னு கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. காப்பரோபோலிஸ், அதாவது செம்பு நகரம்னு பட்டப்பேரே வந்துருச்சு. உருக்கின செம்பு போன பெரிய மார்க்கெட்ல ஒண்ணு எது தெரியுமா சித்தப்பா? இந்தியா! கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல.

எங்க கேம்பஸ்ல சிங்கிள்டன் ஆபின்னு ஒரு மாளிகை இருக்கு. பேரப் பாத்து ஏதோ பழைய மடம்னு நினைச்சேன். கிடையாது, ஹஃபோட் செம்பு ஆலை நடத்தின விவியன் குடும்பத்து வீடு.

இதுல என்னைத் தூங்கவிடாத விஷயம் கியூபா. பிரிட்டன் தன்னோட காலனிகள்ல அடிமை முறைய ஒழிக்க சட்டம் போட்டது 1833ல. கியூபா ஸ்பெயின் வசம் இருந்துச்சு, அந்தச் சட்டம் அங்க செல்லாது. அதனால கியூபாவுல எல் கோப்ரேங்கிற ஊர்ல பிரிட்டிஷ் கம்பெனி நடத்தின சுரங்கத்துல அதுக்கப்புறமும் அடிமைங்க வேலை பாத்தாங்க, அந்தத் தாது இங்கதான் வந்துச்சு. 1865ல கியூபாவுலருந்து செம்புத் தாதோட வந்த ஹெக்லாங்கிற கப்பல் மஞ்சள் காய்ச்சலையும் சேத்து இறக்குச்சு, ஊர்ல 15 பேர் செத்தாங்க. இதெல்லாம் நான் தோண்டி எடுத்தது இல்ல, இந்த ஊர் ஆராய்ச்சியாளர்களே எழுதி வெச்சிருக்காங்க. இப்ப சொல்லுங்க, இது யாரோட வரலாறு? வெள்ளைக்காரனோடது மட்டுமா?

வெளிநாட்டு ஸ்டூடண்ட்னா ஒரு படி கீழன்னு நாமளே நினைச்சுக்குறோம். முதல் ரெண்டு மாசம் நானும் செமினார்ல வாயத் திறக்கல, ஆக்சென்ட் பயம். ஆனா சோழமண்டலக் கரை எங்க இருக்குன்னு எனக்கு மேப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. பழைய கணக்குப் புத்தகத்துல 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டுன்னு பாத்து கூட இருந்தவன் முழிச்சான், 16 அணா ஒரு ரூபான்னு பாட்டி சொல்லிக் கேட்ட எனக்கு அது பெருசா தெரியல. அந்தக் காலத்து கையெழுத்துதான் உயிர எடுக்குது, அது எல்லாருக்கும் பொதுவான கொடுமை.

பணக் கஷ்டத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி ஏமாத்துன மாதிரி ஆயிடும். விசாவுக்குக் காட்டுற பணம் தொடாம 28 நாள் அக்கவுண்ட்ல கிடக்கணும், ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்டு தனி, கிளாஸ் நடக்குற மாசங்கள்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாது. வீட்ட அடமானம் வெச்சு லோன் எடுத்து வேலைக்காக மட்டும் வர்றீங்கன்னா, தயவுசெஞ்சு ஹிஸ்டரிக்கு வராதீங்க. நான் ரெண்டு வருஷம் சம்பாதிச்சு சேத்துட்டு வந்தவன்.

சித்தப்பா வீட்டுப் பரண்ல பழைய செம்பு அண்டா ஒண்ணு கிடக்கு. அதுல ஸ்வான்சீ முத்திரையெல்லாம் இருக்காது, செம்பு கட்டியாவும் தகடாவும் வந்துருக்கும், அண்டாவா தட்டினது நம்மூர் கன்னார்தான். இருந்தாலும் இறக்கி ஒரு ஃபோட்டோ அனுப்புங்கன்னு கேட்டிருக்கேன். முட்டி வலிக்குதாம், இன்னும் ஏறல.