பெறுநர் பலராகும்போது காற்புள்ளி போதாது

அலுவலகக் கடிதத்தில் பெறுநர் ஒருவராக இருக்கும்வரை நிறுத்தக்குறிகளைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பலராகும்போதுதான் சிக்கல் தலைதூக்குகிறது. ‘தலைவர், செயலாளர், நிதிக் குழு’ என்று ஒரே வரியில் எழுதினால், கடிதம் நிதிக் குழுவின் தலைவருக்கும் செயலாளருக்குமா, நிறுவனத்தின் தலைவருக்கும் நிதிக் குழுவின் செயலாளருக்குமா, அல்லது குழுவினர் அனைவருக்குமே சேர்த்தா? எழுதியவருக்கு இதில் ஐயமே இராது. ஆனால், பதில் தரவேண்டியவர் மற்றவர் தருவார் என்று கோப்பை மூடிவைக்க இந்த ஐயமே போதும்.

பதவியையும் அது சார்ந்த துறையையும் பிரிப்பதற்குக் காற்புள்ளி இடுகிறோம். ஒரு பெறுநரை அடுத்தவரிடமிருந்து பிரிப்பதற்கும் அதையே இடுகிறோம். இரண்டு வேலையை ஒரே குறி செய்ய முடியாது. ஆகவே, முகவரிக்குள் காற்புள்ளியும் பெறுநர்களுக்கிடையே அரைப்புள்ளியும் வரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து: ‘தலைவர், நிதிக் குழு; செயலாளர், நிதிக் குழு’. ‘நிதிக் குழு’ இருமுறை வருவது அழகில்லை என்று தயங்குவோர் உண்டு. அலுவலகக் கடிதத்தில் அழகைவிடத் தெளிவே முக்கியம்.

எண்ணிட்டு, ஒவ்வொருவரையும் தனி வரியில் எழுதினால் வரிமுறிவே பிரித்துக் காட்டிவிடும், அரைப்புள்ளி தேவையில்லை. வரி இறுதியில் காற்புள்ளி இடுவதும் விடுவதும் அவரவர் அலுவலக வழக்கம். விடுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் ஒரு வரியில் இட்டு அடுத்த வரியில் விடுவது வழக்கமன்று, கவனக்குறைவு. நகல் பெறுவோரைப் பெறுநர் பட்டியலின் வாலில் ஒட்டாமல், கையொப்பத்துக்குக் கீழே ‘நகல்:’ என்று முக்காற்புள்ளி இட்டுத் தனியே எழுதவேண்டும், அவர்கள் அறிந்துகொள்ளவேண்டியவர்களே தவிர, நடவடிக்கை எடுக்கவேண்டியவர்கள் அல்லர்.

விளியிலும் இதே குழப்பம் உண்டு. ‘ஐயா/அம்மையீர்’ என்பதில் உள்ள சாய்கோடு ‘இவர் அல்லது அவர்’ என்று பொருள்படுவதால், பெறுநர் யாரென்று தெரியாதபோது அது பொருந்தும். இருபாலரும் பெறுநராக இருக்கும்போது பொருந்தாது. ‘மதிப்பிற்குரியீர்,’ என்ற ஒற்றை விளி அனைவரையும் தழுவும்.

மின்னஞ்சலில் நம் விருப்பம் செல்லாது, மென்பொருளின் விதியே செல்லும். மின்னஞ்சல் வடிவத்துக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5322, முகவரிகளைப் பிரிக்கக் காற்புள்ளியையே விதிக்கிறது. பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்கச் சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் பெறுநர் பெட்டியோ இயல்பாக அரைப்புள்ளியை எதிர்பார்க்கிறது. காற்புள்ளியும் செல்லவேண்டுமென்றால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். எனவே முகவரிப் பெட்டியில் மென்பொருள் கேட்கும் குறியை இட்டுவிட்டு, இணைக்கும் கடிதத்தின் பெறுநர் பகுதியில் மேற்சொன்ன முறையைப் பின்பற்றுவதே சரி.