தராசைப் பற்றியும் எழுதுங்கள்

எண்களைச் செயலிக்குக் கொண்டுபோகாமல், அவை இருக்கும் நினைவகத்துக்குள்ளேயே கணக்குப் போட்டால் மின்செலவு தானாகக் குறையும் என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. 45 நானோமீட்டர் சிப்பில் 32 பிட் பெருக்கல் ஒன்றுக்கு 4 பிக்கோஜூல் (ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆற்றல்கூட ஆகாது. அந்த எண்ணைச் செயலிக்கு வெளியே உள்ள டிராம் என்ற முதன்மை நினைவகத்திலிருந்து எடுத்துவர 640 பிக்கோஜூல். அந்த நடை மிச்சம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விடையை அளப்பது யார்? சின்ன வயதில் இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு கொழுந்து நிறுக்குமிடத்தில் நின்றிருக்கிறேன். பறிப்பதில் தாமதமில்லை, இருந்த ஒரே தராசுக்கு முன்னால்தான் நீண்ட வரிசை. கிராஸ்பாரிலும் (குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், அவை சந்திக்கும் இடமெல்லாம் ஓர் எண்ணைத் தாங்கும் நினைவகச் செல்) அதே கதை. மின்னழுத்தமாக வரும் உள்ளீட்டுக்கும் செல்லின் கடத்துதிறனுக்கும் ஓம் விதிப்படி பெருக்கல், ஒரு நிரலில் சேரும் மின்னோட்டங்களுக்குக் கிர்ச்சாஃப் விதிப்படி கூட்டல், எல்லாம் கம்பியிலேயே முடிந்துவிடும். பிறகு அந்த மின்னோட்டத்தை எண்ணாக்கும் சுற்றான ஒரே ஒரு ஏடிசியின் (ADC) முன் பல நிரல்கள் காத்து நிற்கும்.

உள்ளீட்டை ஒவ்வொரு பிட்டாகக் கொடுத்தாலும், 128 நிரை, செல்லுக்கு 2 பிட் (அதாவது அதிகபட்சம் 3) என்றால் ஒரு நிரலின் கூட்டுத்தொகை 384 வரை போகலாம். அதை அளக்க ஏடிசிக்கு 9 பிட் வேண்டும். எல்லா அளவுகளோடும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் ஃப்ளாஷ் வகை ஏடிசியில் 8 பிட்டுக்கு 255 ஒப்பீட்டுச் சுற்றுகள், 9க்கு 511! உள்ளீடுகளில் பல பூச்சியமாகவே வருவதால் 384ஐத் தொடுவது அபூர்வம். அதனால் ஒன்றிரண்டு பிட்டை வெட்டிவிட்டு, அந்தப் பிழையோடேயே, இந்தச் சிப்பில் ஓடும் நரம்பியல் வலையமைப்பை மறுபடி பயிற்றலாம். (தராசில் கிராம் கணக்கை வெட்டினால் அம்மா சும்மா விடமாட்டார், அது வேறு.)

அடுத்த பாகத்தில் ஏடிசி பற்றி நாலு வரியாவது வரட்டும்.